இரண்டு மீட்டர் தள்ளி

இது நடந்தது. கதை கட்டத் தெரிந்தவர்கள் சொன்னால் நீங்கள் சந்தேகப்படலாம். அந்தோணிக்குக் கதை கட்ட வராது. கதிர் அளக்கும் மீட்டரின் முள் எதைக் காட்டுகிறதோ அதை நேரத்தோடு நோட்டில் எழுதுவதுதான் அவன் பிழைப்பு. அந்த நோட்டில் இன்றும் இருக்கிறது: 20.11.2008, வியாழன், மாலை 4.25. நடு ராத்திரி அல்ல. வெளியே மழை. வீட்டுக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வெளிச்சம்.

சென்னையின் வடக்கு ஓரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை. தைராய்டில் புற்றுநோய் வந்தவர்களுக்கு அங்கே கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். மருந்து உள்ளே போனதும் நோயாளியின் உடம்பே கதிர் வீச ஆரம்பிக்கும். ஈயச் சுவர் வைத்த அறையில் தனியாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று அளக்கும்போது முள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் வெளியே விடுவார்கள். அதற்குப் பிறகும் எட்டு நாள் ஜாக்கிரதை. தனி அறை, தனித் தட்டு. யாராக இருந்தாலும் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தக் கூரைக்குக் கீழேயே வரக் கூடாது. நோயாளி போகிற வீடு இதற்கெல்லாம் சரிப்படுமா என்று முன்கூட்டியே பார்த்து வருவது அந்தோணியின் வேலை.

அன்று அவன் போனது ஷமீமாவுக்காக. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஷேக் தாவூதின் மனைவி. சொந்த வீடு ஒரே அறை. மூன்று பிள்ளைகள். அதோடு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனார் ஜாஹிதா. ஷமீமாவின் படுக்கை மறுநாள் காலை வேறொருவருக்குப் போகிறது. அவள் ஈயச் சுவருக்குள்ளிருந்து போனில் சொன்னது ஒன்றுதான்.

"என்ன எங்கயாவது வெச்சுடுங்க சார். எங்க ஊட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க. ஜாஹிதா வயித்துல புள்ள இருக்குது. அதுக்கு எதுனா ஆச்சின்னா நா இன்னா பண்ணுவேன்?"

தாவூத் அலைந்து திரிந்து கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு வீடு பிடித்திருந்தார். பத்து நாளைக்கு மட்டும். முன்னறை, உள்ளறை, பின்கட்டில் தனிக் கழிவறை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

மாலை 4.10. வீட்டுக்காரர் துளசிராமன், இரும்பு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூட்டைத் திறந்தார்.

"ஒரு வருசமா பூட்டிக் கெடக்குது நைனா. எலி கூட குடி வரல. நீ போய்ப் பாரு, நா பீடி ஒண்ணு போட்டுக்கினு வரேன்."

அந்தோணி உள்ளே போனான். கரண்ட் இல்லை. ஒரு வருடம் பூட்டிய வீட்டில் தூசி இல்லை. சிவப்புத் தரை துடைத்த மாதிரி இருந்தது. உள்ளறை வாசற்படியில் ஒரு தட்டும் டம்ளரும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாய் நின்றது. ஓடு ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தான். ஒழுகவில்லை.

வழக்கம்போல மீட்டரைப் போட்டான். வெறும் வீட்டில் அது எப்போதாவது ஒரு 'டிக்' என்று சொல்லும். முள் பூஜ்யத்தை விட்டு நகராது.

டிக்...

டிக், டிக், டிக்...

முள் எழுந்தது. நின்றது. ஒன்றேகால்.

பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தான். மறுபடியும் ஒன்றேகால். நேரம் 4.25.

அந்த எண் அவனுக்கு நன்றாகத் தெரியும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்காகும். ஒரு மீட்டரில் ஐந்து காட்டுகிற நோயாளி, இரண்டு மீட்டரில் ஒன்றேகால் காட்டுவார்.

உள்ளறையில் இரண்டு அடி எடுத்து வைத்தான். ஏதாவது சிந்திய இடம் இருந்தால் முள் ஏற வேண்டும்.

ஏறவில்லை. ஒன்றேகால்.

இன்னும் இரண்டடி. ஒன்றேகால்.

முன்னறைக்குத் திரும்பினான். முள் சரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். அப்போது... சரக்... சரக்... ரப்பர் செருப்பு தரையில் இழுபடுகிற சத்தம். முள் மெல்ல ஏறியது. ஒன்றேகாலில் நின்றது. செருப்புச் சத்தமும் நின்றது.

அவன் முன்னே போனால் அது பின்னே போனது.

பின்னே வந்தால் முன்னே வந்தது.

இரண்டு மீட்டர்.

ஒரு சாண் கூடவில்லை. குறையவில்லை.

"யேசுவே," என்றான்.

4.40. வாசலில் ஆட்டோ நின்றது. தாவூத், சுருட்டிய பாயும் தலையணையுமாக இறங்கினார். பின்னாலேயே ஜாஹிதா, ஏழு மாத வயிறோடு, கையில் துடைப்பம்.

"நீ ஏம்மா வந்த?" என்றான் அந்தோணி.

"அண்ணி நாளைக்குதானே சார் வருது? எங்கண்ணன் பெருக்கினா குப்ப அப்படியே இருக்கும். அது கருவாட்ட தவிர ஒண்ணயும் சுத்தம் பண்ணாது." சிரித்துக்கொண்டே படியேறி உள்ளே காலை வைத்தாள்.

முள் விழுந்தது.

சரக்சரக்சரக்சரக்... சத்தம் உள்ளறையைத் தாண்டி, பின்கட்டைத் தாண்டி ஓடியது. பின்கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் கொண்டி போடுகிற ஓசை. கடக்.

மீட்டரில் பூஜ்யம்.

ஜாஹிதாவின் சிரிப்பு நின்றது. "யாரோ எனக்கு வழி வுட்டு ஒதுங்கிப் போனாங்க சார். நீங்க பாக்கல?"

அந்தோணி இருவரையும் வெளியே கூட்டி வந்தான். பின்கட்டுக்குச் சுற்றிப் போய்ப் பார்த்தான். கொண்டி போட்டிருந்தது. சேற்றில் ஒரு காலடி கூட இல்லை.

"இந்த வீடு வேணாம் பாய்."

தாவூத் கையிலிருந்த பாய்ச்சுருளைக் கீழே வைக்கவில்லை. "பதினோரு ஊடு கேட்டேன் சார். கேன்சர்னு சொன்னதும் கதவ சாத்தறாங்க. இது ஒண்ணுதான் கெடச்சது. நாளைக்கு பெட்டு இல்லன்னா அவள நா எங்க கூட்டிக்கினு போவேன்? ரோட்டுலயா?"

துளசிராமன் பீடியை அணைத்துவிட்டு வந்தார். அந்தோணியின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா நைனா, வெளுத்துப் போயிட்ட? நா ஏன் ஊடு குடுத்தேன் தெரியுமா? முன்ன இருந்த பொம்பளைக்கும் இதே வைத்தியம்தான், உங்க ஆஸ்பத்திரிலதான். ஹெலன்னு பேரு. பிஸ்கட் கம்பெனில பேக்கிங் வேல. தங்கம்பா. ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கல. பதினாலு மாசம் யார் கிட்டயும் அண்டல."

"பதினாலு மாசமா? எட்டு நாள்தானே?"

"எனக்கு இன்னா தெரியும்? அட்டைல போட்டுக்குதுன்னு சொல்லும். வேலைக்குப் போவல. சர்ச்சுக்குப் போவல. ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய்க் காட்டுன்னு சொன்னா, பஸ்ஸுல எப்படி ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கறதுன்னு கேக்கும். தங்கச்சி கைக்கொழந்தையோட திருவாலங்காட்டுலேர்ந்து வந்துச்சி. இது பின்கதவு வழியா ஓடிப் போய் வெளிய கொண்டி போட்டுக்கினு, மழையில நின்னுச்சி, அவ போற வரைக்கும். போன வருசம் ஆகஸ்ட்டுல காய்ச்சல். நாங்க வாசல்ல நின்னு கூப்டறோம். 'கிட்ட வராதீங்கண்ணா, உங்க ஊட்டுல பேரப்புள்ளைங்க இருக்குது'ன்னு உள்ளேர்ந்து குரல் மட்டும் வருது. மறுநாள் அதுவும் வரல."

அவர் தன் வீட்டுக்குப் போய் ஒரு மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். எறிய மனம் வரவில்லையாம்.

ஆஸ்பத்திரி அட்டை. வெளியே விட்ட தேதி 14.6.2006. தனி அறை. தனித் தட்டு. இரண்டு மீட்டர். கர்ப்பிணி, குழந்தை கூடாது. எல்லாம் அழகான கையெழுத்து. அந்தோணியின் கையெழுத்து.

கடைசி வரி: 'இவ்விதிகள் __________ வரை.'

அந்தக் கோட்டின் மேல் ஒன்றும் எழுதப்படவில்லை.

அப்போது வீடு பார்த்து வருகிற வேலை வேறொருவருக்கு, அட்டை எழுதுவது மட்டும் அவனுக்கு. போகிற நேரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பான். யாராவது கூப்பிட்டிருப்பார்கள். அவளும் கேட்டிருக்க மாட்டாள். கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். யோசித்து யோசித்துப் பார்த்தும் அவள் முகம் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. அரை நிமிட வேலை. ஒரு தேதி. நாம் பெரிய பாவங்களுக்குத்தான் பயப்படுகிறோம். செய்யாமல் விட்ட சின்ன நன்மைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹெலன் குடித்த மருந்து இரண்டரை வருடத்துக்கு முந்தியது. சில மாதங்களிலேயே அழிந்துபோகும். வீட்டில் துளிகூட மிச்சம் இருக்க வழியே இல்லை.

5.20. அந்தோணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக உள்ளே போனான். மீட்டரைப் போட்டான். காத்திருந்தான்.

சரக்... சரக்...

ஒன்றேகால்.

பேனாவை எடுத்துக் கோட்டின் மேல் எழுதினான். எழுதியதைச் சத்தமாகப் படித்தான்.

"22.6.2006 வரை. எட்டு நாள்தான் ஹெலனக்கா. அது எப்பவோ முடிஞ்சிடுச்சி. தப்பு என்னுது. இனிமே கிட்ட வரலாம்."

சத்தமில்லை.

முள் அசைந்தது.

இரண்டு...

மூன்று...

ஐந்து.

ஒரு மீட்டர்.

டிக்டிக்டிக்டிக்... ஓசைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரைச்சலானது. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு இரைச்சல் நின்றது. முள் பூஜ்யத்தில் கிடந்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும் என்று அவன் நினைத்தான்.

வெளியே வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. மழை விட்டிருந்தது. "ரொம்ப நேரமா ஜெபம் பண்ணீங்க சார், அதான் கூப்பிடல," என்றார் தாவூத்.

கடிகாரத்தில் 5.55.

டார்ச் அடித்து வீடு முழுக்க மறுபடி அளந்தான். சுத்தம். ஷமீமாவின் அட்டையில் முதலில் முடிகிற தேதியை எழுதினான். மற்றதைப் பிறகு எழுதினான். அவள் அங்கே எட்டு நாள் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் பழவேற்காடு போய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டாள். ஜனவரியில் ஜாஹிதாவுக்குச் சுகப்பிரசவம்.

பிப்ரவரியில்தான் அந்தத் தாள் வந்தது. கதிரோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சட்டைப் பையில் ஒரு சின்ன பட்டை குத்தியிருப்பார்கள். அவரவர் உடம்பு வாங்கிய கதிரை அது பிடித்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தோணியின் பட்டை ஆறு வருடமாகச் சுத்தம். இந்த முறை எண் இருந்தது. ஆபத்தான அளவில்லை. ஆனால் அவனுடைய அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். அந்த மூன்று மாதத்தில் அவன் எந்த நோயாளியின் பக்கத்திலும் போனதாகப் பதிவில்லை.

அவர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவ்வளவு ஏற வேண்டுமானால், வெளியே விடத்தக்க, ஒரு மீட்டரில் ஐந்து காட்டுகிற ஒரு நோயாளி, பட்டை குத்திய மார்பில் சாய்ந்துகொண்டு நின்றிருக்க வேண்டும்.

"எவ்ளோ நேரம் சார்?" என்றான் அந்தோணி.

"முப்பத்தஞ்சு நிமிஷம்."