லியோமியும் என் வாயும்

கேம் சென்டர் கவுன்டரில் நிற்பவளுக்கு விளையாடத் தெரிந்தால் மட்டும் போதாது, வாடிக்கையாளர்கள் 'யார் உசத்தி' என்று சண்டை போடும்போது வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரிய வேண்டும். எனக்கு முதலாவது மட்டும்தான் வரும்.

வில்லாபுரத்தில் ஒரு சென்டரில் சனி, ஞாயிறு வேலை பார்க்கிறேன். மற்ற நாட்களில் எம்.ஏ. எங்கள் கடையில் அதிகம் ஓடுவது மூன்று பாகமாக வந்திருக்கிற ஒரு கதை விளையாட்டு. கூட வருகிற ஆட்களை அணியில் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சண்டை போட வேண்டும். அதில் மூன்று பெண்கள்: வாள் வீசும் கொர்வீனா, ஒற்றுவேலை பார்க்கும் தஸ்ரா, காயத்துக்கு மருந்து போடும் லியோமி. மூவரில் யார் உசத்தி என்று ஆரம்பித்தால் அன்றைய பொழுது போச்சு. கவுன்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கவசம்

இன்ஜினீயரிங் படிக்கிற இரண்டு பேர் சனிக்கிழமை தவறாமல் வருவார்கள். இருவருக்கும் கொர்வீனாதான் உயிர். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அவள் டிரெஸ்தான் என்றான் ஒருவன். எனக்குச் சுரீரென்றது. தோளுக்கு இரும்பு, முழங்காலுக்கு இரும்பு, வயிற்றுக்கு மட்டும் ஒன்றுமில்லை. எதிரி என்ன, வயிற்றைப் பார்த்தால் வாளை உறையில் போட்டுக்கொண்டு போய்விடுவானா? நாலு கோட்டையைத் தனியாளாகப் பிடித்தவளிடம் இவர்களுக்குத் தெரிந்தது இதுதானா? அரைமணி நேரம் பேசினேன். எனக்கும் கொர்வீனாதான் உசத்தி, அந்தக் கோபம் வேறு.

திரையில் அவர்கள் ஆள் செத்துக் கிடந்தான். ஒருவன் மற்றவனிடம் மெதுவாகச் சொன்னான்: "மாப்ள, அவங்களும் நம்ம கட்சிதான்டா. ஆனா நம்மளத்தான் அடிக்கிறாங்க."

பரவை அண்ணன்

பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிற அண்ணன் ஒருவர், வேலை முடிந்து மதியத்துக்கு மேல் வருவார். அவருக்கு தஸ்ராதான். பேரம் பேசத் தெரிந்தவள், கண்ணாலேயே ஆளை எடை போடுகிறாள், நம்ம மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்வாள் என்பார். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் பாகத்துக் கடைசியில் கூட இருந்தவர்களையே எதிரிக்குக் காட்டிக்கொடுக்கிறவளை எப்படி உசத்தி என்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார். அங்கே தஸ்ரா அவருடைய ஆளுக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தாள். அப்புறம் சொன்னார்: "நான் இன்னும் அம்புட்டு தூரம் போகலையேம்மா."

சமயநல்லூர் அக்கா

முத்துலட்சுமி அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்துக்கு ஒரே லீவு, ஞாயிற்றுக்கிழமை. சமயநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஓரத்து சீட்டில் உட்காருவார். ஒன்றரை வருஷமாக ஒரே ஆட்டம். அவர் கட்சி லியோமி.

எனக்கு லியோமியைக் கண்டாலே ஆகாது. பின்வரிசையில் நிற்பாள், கையில் கத்தி கிடையாது, ஆம்பளைகளுக்கு அடிபட்டால் ஓடிப்போய் மருந்து போடுவாள். பெண் என்றால் இதற்குத்தானா என்று வாராவாரம் கேட்பேன். அக்கா சிரித்துக்கொண்டே ஆடுவார். ஒருநாள் மட்டும் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பினார். லியோமி இல்லாவிட்டால் அவருடைய அணி கடைசி அரக்கனிடம் ஒரு நிமிஷம் தாங்காது என்றார். பிறகு சொன்னார்: "வெட்டுறதுக்கு எல்லாரும் வாராங்க. கட்டுப் போட யாரு வாரா?"

கடைசிக் கூடாரம்

எங்கள் கடையில் ஒவ்வொருவர் ஆட்டமும் அவரவர் பேரில் சேவ் ஆகியிருக்கும். அடுத்தவர் ஆட்டத்தைத் தொடக்கூடாது என்பது ஓனர் பாண்டி அண்ணன் முதல் நாளே சொன்னது. அடுத்தவர் சாப்பிடுகிற இலையில் கை வைக்கிற மாதிரி என்பார்.

நான் வைத்தேன். அக்கா சொன்னதை அக்காவின் அணியை வைத்தே பொய்யாக்கினால்தானே வாதம் முடியும்? அடுத்த சனிக்கிழமை கடை காலியாக இருந்த நேரத்தில் அவர் ஆட்டத்தைத் திறந்தேன். அரக்கனிடம் போவதற்கு முன் அணி தங்குகிற கடைசிக் கூடாரத்தில் லியோமியை அணியிலிருந்து அனுப்பிவிட்டு அவனோடு மோதினேன். ஐந்தாவது தடவை ஜெயித்தேன். போனில் வீடியோவும் எடுத்தேன். சேவ் பண்ணாமல் வெளியே வந்துவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கூடாரத்திலிருந்து ஒருவரை அனுப்பினால் ஆட்டம் தானே சேவ் ஆகிவிடும், போனவர் திரும்பவே மாட்டார் என்பது எனக்குத் தெரியாது. என் ஆட்டத்தில் நான் யாரையும் அனுப்பியதில்லை.

மறுநாள் அக்கா வந்தார். எப்போதும் லியோமி உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆள் இல்லை. கூடாரத்தைச் சுற்றி, ஆற்றங்கரைக்குப் போய், மறுபடி கூடாரத்துக்கு வந்து தேடினார். நான் செய்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கையில் வீடியோ வேறு. அக்கா அதை முழுசாகப் பார்த்தார். திட்டவில்லை. கேட்டது ஒன்றுதான்: "போகும்போது அவ ஏதாவது சொன்னாளா?"

பதில்

லியோமி ஏதோ பேசத்தான் செய்தாள். அவசரத்தில் பட்டனை அமுக்கி அதைத் தாண்டிவிட்டேன். அதையும் அக்காவிடம் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆறு ஞாயிறு ஆகிவிட்டது, வரவில்லை.

இப்போது வகுப்பு முடிந்ததும் சாயங்காலங்களில் வந்து முதலிலிருந்து ஆடுகிறேன், அக்கா பேரில், லியோமியோடு. போன வாரம் அந்தக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரிய வேண்டுமானால் மறுபடி அனுப்ப வேண்டும். விரல் பட்டன் மேல் இருந்தது. முடியவில்லை. அவள் கையில் ஒரு கத்தி கொடுக்காமல் விட்ட புண்ணியவான்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான், அது வேறு விஷயம்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாண்டி அண்ணன் கேட்டார்: "அந்த அக்கா வளத்த லியோமி வேற, நீ வளத்தது வேற. ரெண்டும் ஒண்ணாயிருமா?"

யார் உசத்தி என்ற வாதத்தில் இன்று வரை நான் தோற்றதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்து என்னோடு வாதாடத்தான் ஆள் இல்லை.