நெப்ராஸ்கா, ஒன்பதாம் பகுதி

இது இரவில் நடக்கவில்லை. பட்டப்பகலில், லண்டன் கோலியர்ஸ் வுட்டில், கடைத்தெருவுக்கு மேலே உள்ள ஒரு மாடி வீட்டில் நடந்தது. யாரோ கதை கட்டுகிறார்கள் என்று நினைக்கிறவர்கள் பிறின்சியை அறியாதவர்கள். ஞாயிற்றுப் பூசையைத் தவறவிடாதவள் அவள். பேய் பிசாசு என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், "உங்களுக்கு வேற வேலையில்லை" என்று எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றுகிறவள். அவள் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறது. கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

குரல் கொடுப்பது பிறின்சியின் தொழில். வால்தம்ஸ்டோவில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் விஜயரத்தினம், அமெரிக்க மாநிலங்களைப் பற்றித் தமிழில் ஒலிவழிகாட்டி செய்துகொண்டிருந்தார். அவர் எழுதி அனுப்புவார், இவள் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவுசெய்வாள். படுக்கையறையில் இருந்த பெரிய மர அலுமாரிதான் அவளுடைய ஸ்டூடியோ. தொங்குகிற கோட்டுகளுக்கும் சேலைகளுக்கும் நடுவே ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு குட்டி விளக்கு. கதவைச் சாத்திவிட்டால் பஸ் சத்தம்கூட உள்ளே வராது. ஏழு வயது மகள் றூபினி பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம், கணவன் கொட்வின் குரோய்டனில் ட்ராம் ஓட்டுகிற நேரம், அதாவது மத்தியானம்தான் அவள் வேலை நேரம்.

அந்த முறை நெப்ராஸ்கா. மொத்தம் பன்னிரண்டு பகுதிகள். வாசிக்க வாசிக்க அந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கடல்போல அகன்று, முழங்காலளவு ஆழத்தில் ஓடுகிற பிளாட் ஆறு. வசந்தத்தில் அந்த ஆற்றில் வந்து இறங்குகிற லட்சக்கணக்கான கொக்குகள். மாநிலத்தின் கால்வாசிக்குப் பரந்து கிடக்கும், புல் போர்த்திய மணற்குன்றுகள். வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன சனங்கள் தூரத்திலேயே கண்டு அடையாளம் வைத்த சிம்னி றொக் என்ற ஒற்றைப் பாறை. மரமே இல்லாத சமவெளியில், புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய வீடுகள்.

"இஞ்சையப்பா, ஒருக்கா அங்க போய்ப் பாக்கவேணும்," என்று கொட்வினிடம் சொல்லிக்கூட வைத்தாள்.

மூன்றாம் பகுதியை அனுப்பிய அன்று விஜயரத்தினம் போன் எடுத்தார்.

"பிள்ளை, சன்னலைத் திறந்து வச்சிட்டே வாசிச்சனீர்?"

"அலுமாரிக்குள்ள சன்னல் ஏது அண்ணை?"

"காத்துச் சத்தம் கேக்குது. வீட்டுக் காத்து இல்லை. வெட்டவெளியில அடிக்கிற மாதிரி..."

ஐந்தாம் பகுதியில் மணி கேட்டது. நான்காம் நிமிடம் பதினோராம் வினாடியில் ஒரு தடவை. ஏழாம் நிமிடத்தில் மறுபடி. ஆசிரியர் கையில் பிடித்து ஆட்டுகிற பழைய பள்ளிக்கூட மணி. பிறின்சி வேறு மைக் வாங்கினாள்.

எட்டாம் பகுதியில் மூச்சுச் சத்தம்.

"குளிருக்குள்ள நிக்கிற ஆக்கள் விடுற மூச்சு," என்றார் விஜயரத்தினம்.

"ஆக்களோ?"

"ஓம். கனபேர். சின்னப் பிள்ளையள்."

அதற்கும் பிறின்சி சிரித்தாள். ஆனால் அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றப் போகவில்லை.

ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. றூபினிக்கு இருமலும் காய்ச்சலும். பள்ளிக்கூடம் அனுப்பாமல் மருந்து கொடுத்து, ஹோலில் உள்ள சோபாவில் படுக்கவைத்தாள். பிள்ளை அயர்ந்து தூங்கியது. பிறின்சி வாசல் கதவைப் பூட்டினாள். மேல் தாழ்ப்பாளையும் போட்டாள். அது உயரத்தில் இருப்பது, அவளே எம்பித்தான் போடவேண்டும்.

1:12. அலுமாரிக்குள் போய், ஹெட்போனை மாட்டி, பதிவைத் தொடங்கினாள்.

ஒன்பதாம் பகுதி 1888ஆம் ஆண்டின் பனிப்புயலைப் பற்றியது. அதுவும் ஒரு ஜனவரி பன்னிரண்டு. அன்று காலை இதமாக விடிந்தது. பிள்ளைகள் பலர் கோட்டு இல்லாமலே பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு வடக்கிலிருந்து புயல் சுவர்போல வந்தது. சில ஆசிரியைகள் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். சிலர், ஒரே கயிற்றைப் பிடித்து வரிசையாகப் போகச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் வீடு போய்ச் சேரவில்லை...

டொக். டொக்.

அலுமாரிக் கதவில் தட்டு. வெளியே ஒரு சின்னக் குரல்.

"கேன் வீ கோ நவ்?"

வாசிப்பு குழம்பிவிட்ட எரிச்சல் பிறின்சிக்கு. "ஓம், போ," என்றாள். விட்ட வரியைத் திரும்பப் பிடித்தாள். இன்னும் இரண்டு வரி வாசித்தாள்.

நிறுத்தினாள்.

போகலாமா என்று கேட்டது ஒரு பிள்ளை இல்லை. நாங்கள் போகலாமா...

நாங்கள்?

1:31. கதவைத் தள்ளித் திறந்தாள். வீடு முழுக்கக் குளிர். சோபாவில் போர்வை மட்டும் கிடந்தது. வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. மேல் தாழ்ப்பாள் விலகியிருந்தது.

றூபினியின் கோட்டு அலுமாரிக்குள்ளேயே தொங்கியது.

படியால் விழுந்தடித்து இறங்கினாள். கொட்வினுக்குப் போன் அடித்து, "பிள்ளையைக் காணேல்லை" என்று கத்தினாள். கீழே கடை வைத்திருக்கும் செல்வமலர் அக்கா வாசலில் நின்றாள்.

"றூபினியைக் கண்டனீங்களே அக்கா?"

"இப்பத்தான் ஆத்துப் பக்கம் போச்சுதுகள்."

"போச்சுதுகளோ?"

"கனக்கப் பிள்ளையள், வரிசையா. பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போகினம் எண்டு நினைச்சன்."

பிறின்சி ஓடினாள்.

வாண்டில் ஆற்றங்கரை. யாரும் இல்லை. வரிசையும் இல்லை.

தண்ணீருக்குள் றூபினி நின்றாள். இரவு உடுப்போடு. கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். கயிற்றைப் பிடித்தது போல விரல்கள் மடிந்திருந்தன.

அடுத்த காலை எடுத்து வைத்தாள்...

பிறின்சி பாய்ந்து இழுத்தாள். கரையில் விழுந்து, மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

"ஏன் பிள்ளை வந்தனி? ஏன்?"

"யூ செட் யெஸ், அம்மா."

பிள்ளையின் தலைமயிரில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தட்டினாள். விரல் சில்லிட்டது.

பனி.

லண்டனில் அன்று ஒரு பொட்டுப் பனி விழவில்லை.

மடியில் பிள்ளையை வைத்தபடியே மறுபடி கொட்வினுக்கு எடுத்தாள். "கிடைச்சிட்டாள்," என்று மட்டும் சொன்னாள்.

றூபினி அன்று மாலையே சுகமாகிவிட்டாள். மறுநாள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி வந்து வீட்டை மந்திரித்தார். அலுமாரியைக் கொட்வின் தனியாகவே பிரித்துக் கீழே கொண்டுபோனான். நடந்ததைப் பற்றிப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

பதிவை நிறுத்தாமல் ஓடியது பிறின்சிக்கு நினைவே இல்லை. அது தன்பாட்டில் ஓடி, தன்பாட்டில் விஜயரத்தினத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் போன் எடுக்கவில்லை. வியாழக்கிழமை நேரில் வந்தார். முகம் வெளிறியிருந்தது. றூபினி தன் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவர் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து, கணினியைத் திறந்து, ஹெட்போனைப் பிறின்சியிடம் நீட்டினார்.

தட்டுச் சத்தம் பதிவாகவில்லை. சின்னக் குரலும் இல்லை. "ஓம், போ" என்ற அவள் குரல் மட்டும். பிறகு அவள் ஓடுகிற சத்தம். பிறகு இருபது நிமிடம் வெறும் காற்று.

பிறகு மணி.

ஒரு பெண் இங்கிலீசில் பேர் கூப்பிடத் தொடங்கினாள். நிதானமாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பேருக்கும் ஒரு பிள்ளை பதில் சொன்னது.

"பிறெசன்ற், மிஸ்."

"பிறெசன்ற், மிஸ்."

பிறின்சி எண்ணினாள். பதினேழு பேர். எல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பேர்கள்.

பதினெட்டாவதாக அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"றூபினி."

ஒரு இருமல். பிறகு... பெற்றவளுக்குத் தெரியாத குரலா?

"பிறெசன்ற், மிஸ்."

திரையில் அந்த இடம் பதிவான கடிகார நேரம் மத்தியானம் 1:53.

"பிள்ளை," என்றார் விஜயரத்தினம். சாத்திய கதவைப் பார்த்தார். "இந்த நேரம் றூபினி எங்க நிண்டவள்?"

பிறின்சி தன் போனை எடுத்துப் பார்த்தாள். கொட்வினுக்கு எடுத்த இரண்டாவது போன், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து எடுத்தது.

1:52.