சூடே ஏறாத பெட்டி

“என் பெட்டி மேல கையை வைங்க. சுட்டா, அந்தக் கையாலயே என் கன்னத்துல ஒண்ணு விடுங்க. பன்னெண்டு மணி நேரம் விடாம பேசினாலும் அது ஒரு நிமிஷம் ஓய்வு கேக்காது!”

பொழுதுபோக்காக வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்து ஊர் உலகத்தோடு பேசுகிறவர்களின் ஹாம் ரேடியோ கிளப் கூட்டத்தில் ‘இடி’ இவ்வாறு முழங்கியபோது பலத்த கைதட்டல். பெட்டி அப்போது அவர் வீட்டில் இருந்ததால் யாராலும் கை வைக்க முடியவில்லை.

இடி என்பது கிளப் சூட்டிய பட்டம். தொழில், லிஃப்ட் பழுதுபார்ப்பது. இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கியவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று “பயப்படாதீங்க!” என்பார். அதுவரை பயப்படாதவர்களும் அப்போது பயந்துவிடுவார்கள். அந்தக் குரலும் போதாதென்று தோன்றவே, சொந்தக் கையால் ஓர் ஆம்ப்ளிஃபையர் செய்திருந்தார். இரும்புப் பெட்டி, உள்ளே இரண்டு கண்ணாடி வால்வு, முதுகில் காற்று ஊதும் விசிறி. ரேடியோவின் சக்தியைப் பத்து மடங்காக்கிக் கடல் தாண்டி அனுப்பும். உள்ளே போகும் மின்சாரத்தில் பாதி பேச்சாகவும் பாதி சூடாகவும் வெளியேறும் என்பது இயற்கையின் விதி. இடி அதில் கையெழுத்துப் போட்டதில்லை.

அவருடைய இன்னொரு சொந்தத் தயாரிப்பு சந்தேகம். காலைச் செய்தித்தாளின் மடிப்பு கோணலாக இருந்தால், தனக்கு முன் யாரோ படித்துவிட்டார்கள் என்று முகர்ந்து பார்ப்பார்.

ஞாயிறு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை போட்டி. அதிக நிலையங்களோடு பேசுகிறவருக்குக் கிளப்பின் தலைமை ஆபரேட்டர் நாற்காலி. ஒன்பது வருடமாக அது இடியின் நாற்காலி. இந்த முறை எதிரே கண் டாக்டர். சாதுவான மனிதர். சாது என்பதே இடிக்குப் பெரிய சந்தேகம்.

ஆகவே ஏற்பாடுகள் பலமாக இருந்தன. விசிறிச் சத்தம் மைக் வழியே போனால் டாக்டர் பெட்டியின் பலத்தை எடைபோட்டுவிடுவார் என்று, விசிறியின் வாயில் துண்டைத் திணித்தார். பின்பக்கம் யாரும் கையை நுழைக்கக்கூடாதென்று பெட்டியைச் சுவரோடு ஒட்டினார். அலைவரிசையை யாரும் ஒட்டுக்கேட்கக்கூடாதென்று ஜன்னலை அடைத்தார். கதவின் குறுக்கே ஒரு நூல் வேறு.

ஆறு இருபதுக்குப் பெட்டி அணைந்தது. பத்து நிமிடத்தில் தானே உயிர்பெற்றது. ஆறு ஐம்பதுக்கு மறுபடி அணைந்தது. ஒவ்வொரு முறையும் இடி ஓடிப்போய் நூலைப் பார்த்தார். நூல் அறுபடவில்லை. அறுக்காமல் உள்ளே வரத் தெரிந்தவன் என்றால் எத்தனை கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்! வீட்டில் அப்படி ஒருவன்தான் இருந்தான். மனைவியின் தம்பி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். நேற்றே வந்து தங்கியிருந்தான். டாக்டர் வீட்டு ஃபிரிட்ஜைப் போன வாரம் பழுது பார்த்தவனும் அவனே. போதாதா?

நண்பகலில் கிளப் ரேடியோவில் அறிவித்த கணக்குப்படி டாக்டர் முப்பது நிலையம் முன்னால் இருந்தார். நூலுக்கு அப்பால் மச்சான் வந்து நின்றான்.

“அத்தான், உள்ள வரலாமா?”

“ஃபிரிட்ஜ் ரிப்பேர்னு போய் என்ன பேசிக்கிட்டீங்க, நீயும் டாக்டரும்?”

“ஐஸ் உருகுதுன்னாரு. அத்தான், ரூம் அடுப்பா கொதிக்குது. பெட்டி சூடு தாங்காம தானே அணையுது, ஆறினதும் தானே வருது. அதுக்குன்னு உள்ள சுவிட்ச் வச்சதே நீங்கதானே?”

“என் பெட்டி சுடாதுடா!”

“அப்ப கையை வைங்க.”

“வைக்கிறேன்டா!”

வைத்தார். அன்று வீட்டில் எழுந்த சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையர் தேவைப்படவில்லை.

மனைவி களிம்போடு ஓடிவந்தாள். “ஊர்ல இருக்கிறவன் மேலயெல்லாம் சந்தேகம். இந்தத் தகரத்து மேல ஒரு தடவை வந்துச்சா?”

மச்சான் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, கதவருகே நின்றான். துண்டை உருவியது இடியேதான், இடது கையால். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தார். ஜன்னலைத் திறந்தார். விசிறியில் எதையாவது மாற்றிவிடுவானோ என்று மச்சானை அருகே விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நிமிடம் பேச்சு, இரண்டு நிமிடம் கேட்பு. பெட்டி ஒரு முறைகூட அணையவில்லை. கேட்டுக்கொண்டிருந்ததில், முன்பு அவர் குரலுக்கடியில் நசுங்கிய மெல்லிய நிலையங்கள்கூடக் கிடைத்தன. முப்பது நிலைய இடைவெளி ஒன்பதாகக் குறைந்தது. ஆனால் ஆறு மணி அடித்துவிட்டது.

முடிந்ததும் டாக்டர் ரேடியோவில் வந்தார். “அருமையா விரட்டினீங்க. பின்னால ஏதோ சத்தம் கேக்குதே?”

இடி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“விசிறி, டாக்டர். பெட்டி ஆறணும்ல. நாற்காலி உங்களுது.”

ரேடியோவை அணைத்தார். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தி, நூலைக் கட்டினார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும், களிம்பு பூசிய வலது கையால் தன் கன்னத்தில் மெதுவாக ஒன்று வைத்தார்.