சிட்டுவைத் தீண்டாத பாம்பு

சிட்டுவைக் கொன்றது பாம்பு இல்லை. நான்தான் கொன்றேன்.

இந்த இரண்டு வரியையும் எழுதிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுக்களையில் எஸ்தர் பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்கிறது... அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யாரோ, எவரோ. உங்களிடம் சொல்வது எளிது. கோழை அப்படித்தான் ஆள் பார்த்துப் பேசுவான்.

சிட்டு என் மனைவி எஸ்தரோடு எங்கள் வீட்டுக்கு வந்த வேட்டை நாய். கன்னி இனம். கறுப்பு உடம்பு, மெலிந்த இடுப்பு, புருவத்தின் மேல் இரண்டு பழுப்புப் பொட்டு. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சில வீடுகளில் கன்னிக் குட்டி ஒன்றையும் சீதனத்தோடு அனுப்புவார்கள். என் மாமனாரும் அனுப்பினார். புகுந்த வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எஸ்தர் அந்தக் குட்டியைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். பக்கத்தில் புதுச் சட்டையோடு ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறானே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சிட்டுவை 'அது' என்று யார் சொன்னாலும் அவளுக்குக் கோபம் வரும். 'அவள்' என்றுதான் சொல்ல வேண்டும். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு காண்டிராக்டரின் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. வீடு சாத்தான்குளத்துக்கு அப்பால், தேரியின் ஓரத்தில். தேரி என்றால் செம்மணல் மேடு. பனையும் உடைமரமும் தவிர வேறு நிழல் கிடையாது. சனிக்கிழமை சாயந்தரம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். லீவு நாட்களில் விடியுமுன்னே சிட்டுவோடு தேரிக்குள் போய், முயல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன்.

கோடை வந்துவிட்டால் எஸ்தர் சிட்டுவைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வாள். வேப்பமரத்தடியில் குழி பறித்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கை விரித்து அதில் படுக்க வைப்பாள். வயிற்றையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். நான் சிட்டுவின் கழுத்து வாரை எடுத்தால் முதலில் வாசலுக்கு வந்து மண்ணில் தன் வெறுங்காலை வைத்துப் பார்ப்பாள். தன் கால் பொறுக்காவிட்டால் சிட்டு வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான் அவள் சட்டம்.

"நாக்கு அகலமா விரிஞ்சு வெளிய தொங்கிச்சுன்னா உடனே நிறுத்திரணும். அவளா நிக்க மாட்டா. நீங்க ஓடுன்னா உசிரு போனாலும் ஓடுவா. நாமதான் பாத்துக்கிடணும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

ஆக, எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும்.

அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு என்ஜினீயர் வந்திருந்தார். முயல் வேட்டை பார்க்க ஆசை என்றார். என்னிடம் கன்னி நாய் இருப்பதை யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அதுவரை என் பெயரைக்கூட அறியாத மனிதர் என் மேசையருகே வந்து நின்று, "ஞாயித்துக்கிழமை ஜீப்ல வர்றேன், காட்டுறீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடியற்காலையில் வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாவு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் நாயை இழுத்துக்கொண்டு வேட்டைக்குப் போனவன் என்று சபையில் பெயர் வாங்க எனக்குத் துணிவு இல்லை. "சர்வீஸ் முடிஞ்சதும் போயிரலாம் சார்" என்றேன்.

அன்று நற்கருணை ஆராதனை வேறு, வழக்கத்தைவிட நீளும். சித்திரை மாதம். ஜெபம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. நான் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரித்தேன், பாருங்கள்! விடியலில் கட்டளையை மீறிப் போயிருந்தால் சிட்டு பிழைத்திருப்பாள். ஊர் என்ன சொல்லும் என்பதற்குப் பயந்த அளவு நான் வெயிலுக்குப் பயப்படவில்லை.

கோவில் வாசலில் ஜீப் நின்றது. சபையார் எல்லோரும் பார்க்க எஸ்தரோடு அதில் ஏறினேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வீட்டில் வாரை எடுத்தபோது எஸ்தர் வழியை மறித்தாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

"இன்னைக்கு வேண்டாங்க. மண்ணுல கால் வைக்க முடியல."

"அவுத்துவிட மாட்டேம்ளா. சும்மா காட்டிட்டு வந்துருதேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தூக்குவாளி நிறையத் தண்ணீரும் நனைத்த சாக்கும் கொண்டுவந்தாள்.

"இது அவளுக்கு. வேற யாரும் குடிச்சிராதீங்க" என்றாள்.

யாரும் குடிக்கவில்லை. தேரி மேட்டில் ஏற முடியாமல் ஜீப் கொதித்து நின்றது. டிரைவர் மூடியைத் திறந்துவிட்டு, "தண்ணி வேணுமே சார்" என்று சொல்லி வாளியைப் பார்த்தார். என்ஜினீயர் என்னைப் பார்த்தார். அவரிடம் இருந்தது ஒரு பிளாஸ்க் காபி. நாய்க்கு வைத்திருக்கும் தண்ணீர் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது... ஆம், வெட்கம்! நானே எடுத்துக் கொடுத்தேன். வாளி காலியாயிற்று. சாக்கு அதற்குள் காய்ந்து மொரமொரப்பாகியிருந்தது.

தகரம் காயும் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்த சிட்டுவுக்கு அப்போதே மூச்சு இரைத்தது. இறக்கியதும் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தாள். அவள் நாக்கு அகலமாக விரிந்து தொங்கியது. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து உடைமரத்தடியிலிருந்து ஒரு முயல் கிளம்பியது. "விடுங்க மிஸ்டர், ஓடிடப் போகுது" என்றார் அவர். என் கை வாரைத் தளர்த்திவிட்டது. கை என்றா சொன்னேன்? இல்லை. நான்தான் தளர்த்தினேன்.

எவ்வளவு அழகாக ஓடினாள் தெரியுமா? மேடேறி, வளைந்து, மறைந்து... என்ஜினீயர் கைதட்டினார். நானும் சிரித்தேன். சற்றுப் பொறுத்து முயலைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தாள். என் காலடியில் வைத்தாள். வாலை ஆட்டப் பார்த்தாள், முடியவில்லை. பின்னங்கால்கள் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தூக்கினேன். உடம்பு அடுப்பாக இருந்தது. பதநீர் காய்ச்சும் குடிசை ஒன்று தூரத்தில் தெரிந்தது. அதை நோக்கி ஓடினேன். செருப்பு மணலில் எங்கோ கழன்றுவிட்டது. பாதம் பொரிந்தது. ஓடும்போது சிட்டு ஒரே ஒரு முறை என் கழுத்தை நக்கினாள். நாக்கில் ஈரமே இல்லை.

குடிசையில் இருந்த அம்மாள் பானையோடு தண்ணீரைக் கொண்டுவந்தாள். வயிற்றில் ஊற்றினேன், காலில் ஊற்றினேன், வாயில் விட்டேன். அது கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது. என் மடியில் தலையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கேயே ஒரு பனையடியில் புதைத்தேன். "ஸாரி மிஸ்டர்" என்று சொல்லிவிட்டு என்ஜினீயர் போனார். முயல் ஜீப்பில் போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் வெறும் வாரோடு வீட்டுக்குள் நுழைந்தேன். எஸ்தர் என் கையைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பொய் தானாக வந்து விழுந்தது.

"நல்லபாம்பு தீண்டிட்டு."

மாசமாக இருப்பவள், உண்மையைத் தாங்க மாட்டாள் என்று பல வருடங்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். அவள் மனதில் என்னைப் பற்றிய நினைப்பு மாறிவிடுமே என்று பயந்தேன். வேறொன்றும் இல்லை.

அவள் அலறவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து என் கால்களை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாதமெல்லாம் கொப்புளம். விளக்கை அருகே வைத்து, கணுக்கால் முதல் முழங்கால் வரை பல்பட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவித் தேடினாள்.

"ஒங்களத் தீண்டலையே? எப்படித் தப்பிச்சீங்க?"

"சிட்டு நடுவுல பாஞ்சிட்டா" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். என் கொப்புளங்களுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டே அழுதாள். "எங்கூட வந்தவ எனக்குத் தாலியத் தந்துட்டுப் போயிட்டா" என்றாள். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம்... அவள் விரல்கள் அவ்வளவு மெதுவாக என் காலில் பட்டுக்கொண்டிருந்தன. சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். கணவனை விஷப்பாம்பிலிருந்து காத்த தேவனுக்கு நன்றி என்று போதகர் சபை முன்னால் அறிவித்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்களை மூடிக்கொண்டேன்; உருக்கமாக ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு முறையோடு முடியவில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் காணிக்கை. பெண்கள் கூட்டத்தில் எழுந்து, தேவன் என்னைக் காத்ததைச் சாட்சியாகச் சொல்வாள். மகன் பிறந்து வளர்ந்ததும் அவனுக்கும் அதே கதை. 'அப்பாவைக் காப்பாத்துன சிட்டு' என்று சொல்லித்தான் அவனைத் தூங்க வைப்பாள். வேறு நாய் வளர்க்கலாமா என்று ஒரு முறை கேட்டேன். "அவளுக்கு மேல எவ வருவா?" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

எஸ்தரை நான் நேசித்தேனா என்று கேட்கிறீர்களா? உயிராக நேசித்தேன். இப்போதும் அப்படித்தான். அவள் என்னை நேசிக்கும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு அந்தப் பொய்யைச் சேர்ந்தது என்பதுதான் என்னைக் குடைகிறது. எவ்வளவு பங்கு? அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு வரவே இல்லை.

இந்தச் சித்திரையில் எஸ்தருக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. கோவிலில் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் என் கையைத் தொட்டு, "இந்தத் தடவ நீங்க சொல்லுங்க" என்றாள்.

எழுந்தேன். சொல்லிவிடுவது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தேன், நம்புங்கள். வாளி, ஜீப், விரிந்த நாக்கு எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டன. குனிந்து அவளைப் பார்த்தேன். என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறையத் தண்ணீரோடு, கலியாணப் பெண்ணைப் போன்ற ஒரு சிரிப்போடு.

நான் பாம்பைப் பற்றிச் சொன்னேன். படம் எடுத்ததைச் சொன்னேன். அது சீறிய சத்தத்தைக்கூடச் சொன்னேன். சபையார் ஸ்தோத்திரம் என்றார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எஸ்தர் என் கையைப் பிடித்திருந்தாள். மூச்சு வாங்க நின்று நின்று வந்தாள்.

"நான் சொல்லுததவிட நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு. அடுத்த வருசமும் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சரி என்றேன்.