ஒரு கட்டை இறக்கிப் பாடிய பாட்டு

தள்ளுபடியில் நின்ற குரல்

ஸ்டெல்லா அக்காவின் குரல் என் எதிரிலேயே உடைந்தபோது, நல்ல மனிதன் எவனுக்கும் இரக்கம் வந்திருக்கும். எனக்குக் கிட்டாரில் சோகத்துக்கு வாசிக்கும் இ மைனர் கார்டு வந்தது.

சிம்மக்கல்லில் பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் நான் உதவியாளன். எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் படித்துவிட்டு மைக் ஒயர் சுருட்டுகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். நான் சவுண்ட் இன்ஜினீயர் என்று சொல்லிக்கொள்வேன். பக்திப் பாட்டு, கல்யாண வாழ்த்து, ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஓட்டும் அறிவிப்பு எல்லாம் இங்கே பதிவாகும். பெண் குரல் வேண்டுமென்றால் ஸ்டெல்லா அக்கா வருவார். மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கீபோர்டு வாசிக்கும் அதே சர்ச்சில், பாடகர் குழுவில் இருப்பவர்.

அன்று ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். "அதிரடித் தள்ளுபடி" என்று உற்சாகமாகச் சொல்ல வேண்டும். பாதியில் குரல் நின்று வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றார். கரகரவென்று, மணல் தேய்ந்த மாதிரி ஒரு சத்தம். ஹெட்போனில் கேட்ட எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்தக் குரலுக்கு மெதுவான டிரம்ஸ், அழுகிற கிட்டார், ஒரு ராக் பேலட்! ஐந்து வருடமாக நான் தேடிய குரல்!

வெளியே வந்து அக்கா தண்ணீர் குடித்தார். "குரல் நாண்ல முடிச்சு மாதிரி வந்திருக்காம் தம்பி. பசங்கள கத்திக் கத்திப் பாடம் நடத்துனதுல. முழுப்பரீட்சை லீவுல ஆபரேஷன். அப்புறம் குரல் எப்படி இருக்கும்னு டாக்டரே உறுதியாச் சொல்லல."

"க்கா, உங்க குரல் இப்ப செமயா இருக்கு" என்றேன்.

ஸ்டூடியோ முதலாளி பாண்டி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியே கீழே பார்த்தார். அவர் போன மாதம் பேசிக் கொடுத்த அறிவிப்பை ஓடவிட்டபடி ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. "ஊரெல்லாம் என் குரல் கேக்குது. அம்புட்டும் தள்ளுபடி. இந்தக் குரல் போறதுக்குள்ள ஒரு பாட்டாவது உருப்படியா இருந்தா நல்லாருக்கும்."

அவ்வளவுதான். நான் பாட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பொதுவாகப் பிரிந்தவர்கள்

பாண்டி அண்ணனிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. "ராக் பேலட்னா என்னடா?" என்றார்.

"சோகப் பாட்டுண்ணே. மெதுவா ஆரம்பிக்கும். போகப்போக ஏறி, கடைசியில கத்தும்."

"எங்க ஹவுஸ் ஓனர் மாதிரி." கொஞ்சம் யோசித்தார். "சோகம்னா ஷெனாய் போடுறா. எதுக்குக் கிட்டாரு?"

ஷெனாய் கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினேன். ஞாயிறு மதியம் ஸ்டூடியோ சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றார். என் விளக்கத்திலிருந்து தப்பிக்கத்தான் சம்மதித்தார் என்று இப்போது தெரிகிறது.

வரிகள் எழுதினேன். நிலா, சாம்பல், கல்லறை, ரத்தம், மறுபடி நிலா. அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியறையில் நானே பாடி டெமோ பதிவு செய்தேன். நடுவில் ஒரு விமானம் இறங்கியது. அதைக் கேட்ட சரவணன், "மாப்ள, அந்த ஃபிளைட்டு மட்டும்தான்டா ஃபீலோட பாடியிருக்கு" என்றான். சரவணன் எங்கள் டிரம்மர். பேரையூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஆர்க்கெஸ்ட்ராக்களில் ரிதம் பேட் வாசிப்பவன்.

ஸ்டெல்லா அக்கா வரிகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். கல்லறைக்கு அடியில் கோடு. "இதுல யாரு செத்தது?"

"யாரும் சாகலக்கா. பிரிவு."

"யாரு பிரிஞ்சா?"

"பொதுவா."

"பொதுவா யாரும் பிரிய மாட்டாங்க தம்பி. நீ யாரையாச்சும் காதலிச்சியா?"

"இல்லக்கா."

"அப்ப ரத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?"

இருபத்து நான்கு வயதில் என் பெரிய சோகம், ஆசையாக வாங்கிய, காலால் அமுக்கிக் கிட்டார் ஒலியை மாற்றும் பெடல் ரிப்பேரானது. வேண்டுமானால் அதைப் பற்றி ஒரு சரணம் எழுதலாம்.

பிறகு அக்காவே சொன்னார். காலையில் எழுந்ததும், அடுப்பைப் பற்றவைக்கும் முன், பிள்ளைகள் இருவரும் தூங்கும்போது, யாரும் இல்லாத சமையலறையில் ஒரு சொல் சொல்லிப் பார்ப்பாராம். குரல் இருக்கிறதா என்று. சில நாள் இருக்கும். சில நாள் பதினொரு மணிக்குத்தான் வந்து சேரும். அதைச் சொல்லும்போது சிரித்தார். நான் வாய் மூடிக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

பல்லவி அங்கிருந்துதான் வந்தது. "எழுந்ததும் ஒரு சொல் சொல்லிப் பார்க்கிறேன், இருக்கிறாயா, இன்னும் இருக்கிறாயா." எழுதியது அக்கா. நான் கார்டு போட்டேன். நிலாவை ஒரு இடத்திலாவது நுழைக்கப் பார்த்தேன். சிவப்பு மை விடவில்லை.

சரவணனுக்குத் தாளம்தான் பிரச்சினை. மெதுவாக ஆரம்பிப்பான். முதல் சரணம் முடிவதற்குள் மாப்பிள்ளை ஊர்வல வேகத்துக்குப் போய்விடுவான். "இம்புட்டு மெதுவா வாசிச்சா கை தூங்கிரும்டா மாப்ள" என்றான். ஒவ்வொரு அடிக்கும் நடுவே மூச்சு விடச் சொல்லி அக்காதான் அவனைப் பழக்கினார். அவர் வகுப்பில் அவனை விடக் கடினமான கேஸெல்லாம் உண்டாம்.

மூன்று ஏற்றி வைத்த கீபோர்டு

இனி வருவது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

எங்கள் பக்கத்துச் சர்ச் கீபோர்டுக்காரர்கள் பாதிப்பேருக்குக் கைக்குப் பழகிய ஸ்கேல் இரண்டுதான். பாடுபவர் எந்த உயரத்தில் பாடினாலும் நாங்கள் அந்த இரண்டில்தான் வாசிப்போம். மீதியை டிரான்ஸ்போஸ் பட்டன் பார்த்துக்கொள்ளும். ஏற்றும் குறியை அமுக்கினால் அதே இடத்தில் விரல் வைத்தாலும் சுருதி உயர்ந்து ஒலிக்கும். இன்னொரு பழக்கம், கடைசிப் பல்லவிக்கு எப்போதும் ஒரு கட்டை ஏற்றுவது. அப்போதுதான் சபையார் எழுந்து நிற்பார்கள். பாடகர் குழுவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. கீபோர்டு கொடுக்கிற சுருதியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பதிவு அன்று காலை ஆராதனையில், உச்சக் குரல் உள்ள ஒரு தம்பி தனிப்பாட்டு பாடினான். அவனுக்காக மூன்று ஏற்றி வைத்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் அதே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஸ்டூடியோவுக்கு வந்தேன். எங்கள் கீபோர்டு அணைத்துப் போட்டாலும் கடைசி செட்டிங்கை மறக்காது. அதை வைத்திருந்தவன்தான் மறந்தான். ஒத்திகையெல்லாம் அக்கா வீட்டில் கிட்டாரில் நடந்ததால் அன்றுதான் கீபோர்டோடு முதல் தடவை.

அக்கா பூத்துக்குள் போனார். முதல் பல்லவியிலேயே கழுத்து நரம்பு தெரிந்தது. உணர்ச்சி என்று நினைத்தேன். இரண்டாவது பல்லவியில் கண்ணை இறுக மூடினார். பிரமாதம் என்று நினைத்தேன். கடைசிப் பல்லவிக்கு, பழக்க தோஷத்தில், இன்னும் ஒன்று ஏற்றினேன். "இன்னும் இருக்கிறாயா" என்ற இடத்தில் குரல் கிழிந்தது. ஒரு கணம் ஏதோ ஒரு சத்தம், பிறகு எதுவும் இல்லை.

நான் நாற்காலியிலிருந்து குதித்து, கண்ணாடி வழியே இரண்டு கட்டைவிரலையும் காட்டினேன்.

அக்கா கழுத்தைப் பிடித்தபடி வெளியே வந்து உட்கார்ந்தார். பேச வரவில்லை. பாண்டி அண்ணன் கீபோர்டு டிஸ்பிளேவைப் பார்த்தார். "டேய் என்னடா இது, நாலுல நிக்குது?"

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது இது: "க்கா, தப்புத்தான். ஆனா அந்த எடம் தற்செயலா வந்த தங்கம்க்கா. கிழியுற அந்தச் சத்தம், அதுதான் பாட்டே. அத மட்டும் வச்சுக்கலாம்."

அக்கா போனை எடுத்து டைப் செய்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"அது ஃபீல் இல்ல. வலி. அழி."

அழித்தேன். அவர் போகவில்லை. திரையில் ஒரு மூலையை விரலால் காட்டினார். ரீசைக்கிள் பின். பரீட்சையில் பிட்டை எங்கெல்லாம் ஒளிப்பார்கள் என்று தெரிந்த டீச்சர் அவர். அங்கேயும் காலி செய்தேன். சரவணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். சிரிக்கிறானோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

சாப்டியாடா என்ற சுருதி

டாக்டர் கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார். கிசுகிசுப்பாகப் பேசுவதுகூடத் தொண்டைக்குக் கெடுதலாம். வகுப்பில் கைதட்டியும் போர்டில் எழுதியும் பாடம் நடத்தினார். பாட்டு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆபரேஷனுக்கு முன் இந்தக் குரலில் ஒரு பாட்டு, அதுதான் அவர் கேட்டது. அதை நான் கெடுத்துவிட்டேன். அந்த நாள்களில் சோகப் பாட்டு எழுதத் தேவையான சரக்கெல்லாம் என்னிடம் தாராளமாக இருந்தது. ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை.

ஒருநாள் வாட்ஸ்ஆப்பில் வந்தார். "டாக்டர் விட்டாச்சு. கொஞ்சமாப் பாடலாம். கத்தக் கூடாது. ஞாயித்துக்கிழம வாரேன்."

இந்த முறை சர்ச் கீபோர்டைத் தொடவில்லை. ஸ்டூடியோவில் இருக்கும் பழையதைத் துடைத்து வைத்தேன். அக்கா படியேறி வந்ததும் வழக்கம்போல, "என்னடா, சாப்டியாடா?" என்றார்.

"க்கா, அத இன்னொருக்கா சொல்லுங்க."

"எதை?"

"சாப்டியாடா."

சொன்னார். அந்தச் சுருதியைக் கீபோர்டில் தேடினேன். நான் முடிவு செய்து வைத்திருந்ததை விட ரொம்பக் கீழே இருந்தது. வலியில்லாமல் அவர் குரல் தானாக உட்காரும் இடம் அது. பாட்டை அங்கே இறக்கினோம்.

கடைசிப் பல்லவிதான் பாக்கி. அங்கே ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் அது பேலட்டே இல்லை என்று எனக்குள் ஒருத்தன் அடம்பிடித்தான். அக்கா கேட்டார், "எதுக்கு ஏறணும்? இந்தப் பாட்டுல இருக்குறவளுக்குக் குரல் போயிட்டே இருக்கு. அவ எப்படிடா ஏறுவா?"

கடைசிப் பல்லவிக்கு முன் இறக்கும் பட்டனை அமுக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. சரவணன் பதறினான். "மாப்ள, தப்பா அமுக்கிட்ட!"

"வாசிடா."

சுருதி ஒரு கட்டை இறங்கியது. அக்கா பேசுவது போலவே பாடினார். "இருக்கிறாயா." பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்பது போல. சரவணன் அடிக்கு அடி மூச்சு விட்டான். நான் ஒரு மாதமாகப் பழகி வைத்திருந்த கிட்டார் சோலோ, நாலு நிமிடம், இரண்டு பெடல், ஒரு முழங்கால் மண்டியிடல், அதற்கு இடமே இல்லாமல் போனது. நாலு ஸ்வரம் வாசித்துவிட்டு விலகிக்கொண்டேன். ஒரே டேக்.

பாண்டி அண்ணன் கேட்டுவிட்டு, "கரண்டு கொறஞ்சு கொறஞ்சு போற மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "ஷெனாய் வேணாம், சரி" என்றார். அக்காவிடம் மட்டும், "டீச்சர், சார் வெளியூர் போயிட்டாரா?" என்று விசாரித்தார். பிரிந்து போன கணவனைப் பற்றிய பாட்டு என்று இன்றைக்கும் நம்புகிறார். நாங்கள் திருத்தவில்லை.

இனி

ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்தினம் இரவு அக்கா பாட்டை அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டு எழுதினார்: "இது நான்தான்."

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக் கூடியது குறைவு. பாட்டைத் தொடங்கும் முன் பாடுபவரிடம் எந்த உயரம் வலிக்காது என்று கேளுங்கள். உங்கள் திறமையை அதற்குப் பிறகு காட்டலாம். பெரும்பாலும் காட்டத் தேவையே இருக்காது.

வரும் திங்கட்கிழமை அக்கா பேசத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் நாள் சில சொற்கள் மட்டும். பழைய குரல் வருமா, வேறொன்று வருமா, யாருக்கும் தெரியாது. முதலில் எதைப் பாடுவீர்கள் என்று ஆர்வக்கோளாறில் கேட்டுவிட்டேன். "மொதல்ல என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடணும். பாட்டெல்லாம் அப்புறம்" என்று வாட்ஸ்ஆப்பில் பதில் வந்தது.

அதனால் இரண்டாவது பாட்டுக்கு இன்னும் மெட்டுப் போடவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்ட பிறகு, அந்தக் குரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் சொல்வார். அங்கிருந்து தொடங்கிப் பார்க்கப் போகிறோம்.