கஞ்சிப் பானையில் பசை

மதுரையில் அந்த டாக்டர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. "கோதுமையை நிறுத்திட்டு வந்தா டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாதும்மா. திரும்பச் சாப்பிடுங்க. குடல் புண்ணாகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார். சாத்தூரில் ஒரு டாக்டர் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன், வயிறு தேறியது. தேறியதற்குத் தண்டனை இது.

சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து வரும்போது எண்ணெயில் பொரித்த பரோட்டா வாங்கிவருவார். ஊரே ஆசையாகத் தின்னும் அதை நான் அழுதுகொண்டே தின்றேன். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தலைமுடி கொத்துக்கொத்தாக வந்தது. "பரோட்டா திங்கதுக்கு ஒரு நோவா? குடுத்துவச்சவ!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். தெம்பு இருந்திருந்தால் அன்றைக்கு அவளை அறைந்திருப்பேன்.

ஒருவழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். கோதுமை சேராத குடல் நோய் என்று உறுதியானது. "கோதுமை, மைதா, ரவை, எதுவும் ஒரு பொட்டுகூட ஆயுசுக்கும் கூடாது. இனி தேறிருவீங்க" என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

நான் தேறவில்லை. மாதங்கள் போயின. பரோட்டாவின் எண்ணெய்தான் என்னைக் கெடுத்தது என்பது மாமியாரின் முடிவு. எனக்கென்று எண்ணெய் படாத புதுப் பானை ஒன்று வாங்கி, அரிசிக் கஞ்சி காய்ச்சிப் படுக்கைக்கே கொண்டுவந்து தந்தார். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு பிசையும். வெறும் கஞ்சிகூட ஆகாத உடம்பா என்று என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. இருக்கன்குடி மாரியம்மனையும் திட்டித் தீர்த்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவார்கள், எங்கள் வீட்டிலும்தான். அதை ஒட்டுவதற்கான பசையை மாமியார் என் கஞ்சிப் பானையில் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது மைதால்லா!"

"ஆமா தாயி. மத்த சட்டியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, பசை பிடிக்க மாட்டேங்கு. உம் பானைதான் சுத்தமா இருக்கு. வெளக்கிட்டுத்தான கஞ்சி வைக்கேன்?"

"மைதா கோதுமையில இருந்துதான வருது?"

"யாரு சொன்னா? அது மரவள்ளிக் கிழங்கு மாவு."

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பானையின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன். பழைய பசை காய்ந்து பொறுக்காக உதிர்ந்தது. மாமியாரை என்ன சொல்ல? அவருக்குத் தெரியாது.

ஆனால் அவர் மகனுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மைதா மூட்டையோடு வந்தவரை வாசலிலேயே மறித்தேன். "டாக்டர் சொன்னப்ப நீங்களும்தான இருந்தீக? இந்தப் பானையில பசை காய்ச்சுறது தெரியுமா, தெரியாதா?"

மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சொன்னா நீ வீட்டுக்குள்ள மைதாவே வரக் கூடாதும்பே. ஆர்டர் கையில இருக்கு. சீசன் முடியட்டும்னு இருந்தேன்."

இன்னொரு பானை வாங்கக்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, அடுப்பிலிருந்த பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிவந்து, பசை மொத்தத்தையும் அவர் காலடியில் கவிழ்த்தேன்.

அன்று ஆடி மாதம் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தீபாவளி ஐப்பசியில்தான்.