மூலைத்துண்டு

யூலிற்றா இறைச்சியைக் கொத்தத் தொடங்கியபோது வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. ஊர் இறைச்சிக்கடையில் அரைத்துத் தர மெசின் இல்லை. பலகையில் பரப்பிக் கத்தியால் கொத்திக் கொத்தித்தான் பொடியாக்க வேண்டும். அவளுக்கு அதில் சலிப்பில்லை. கொத்துகிற சத்தம் இருக்கும்வரை வேறொன்றும் காதில் விழாது.

மகள் டக்சாயினி குசினி வாசலில் நின்று கைபேசியில் படம் பிடித்தாள்.

“அம்மா, சாப்பாட்டின்ர பேரைச் சொல்லுங்கோ.”

“பஸ்தீட்சியோ.”

“கேக்கேல்லை. செத்தவீட்டில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்.”

“என்ர முகத்தைப் பிடியாதை, சொல்லிப்போட்டன். கையை மட்டும் பிடி.”

அன்று சனிக்கிழமை. டக்சாயினியைக் கட்டப்போகும் டிலக்ஸனும் அவன் தாய் எமில்டாவும் பின்னேரம் பளையிலிருந்து வருவதாக இருந்தது. நண்டுக்கறியும் புட்டும் என்றுதான் யூலிற்றா நினைத்து வைத்திருந்தாள். முல்லைத்தீவுக் கரையில் சம்பந்திக்குப் போட அதைவிட மரியாதையான சாப்பாடு இல்லை. மகள்தான் ஒற்றைக்காலில் நின்றாள்.

“சைப்பிரசில இருக்கேக்க போனில சொல்லிச் சொல்லி எனக்கு வாயூற வைச்சனீங்கள். வந்து இவ்வளவு காலத்துக்கு ஒருநாள் செய்து தந்தனீங்களோ? நான் கட்டிப் போனாப் பிறகு ஆருக்குச் செய்யப்போறியள், பூனைக்கோ?”

வேகவைக்க வீட்டில் போறணை இல்லை, சீஸ் கிடைக்காது, அந்த நீளக்குழாய் மக்ரோனி இந்தப் பக்கம் வராது என்றெல்லாம் சொல்லி யூலிற்றா இதுவரை தப்பிவந்தாள். டிலக்ஸன் கிளிநொச்சியில் மக்ரோனியையும் சீஸையும் வாங்கிக் கொடுத்தனுப்பிவிட்டான். இனிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. உண்மைக் காரணத்தை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அன்றைக்கே இன்னொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் பூசையில் கலியாண ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் என்று கோயில் முழுக்கக் கேட்கும். கிழமை நடுவில் பங்குச் சுவாமி அவளைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார்.

“கிறிஸ்தோப்பற்ற பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு வாசிக்கிறதோ, விடுறதோ? நீங்கள் சொல்லுற மாதிரியே செய்வன். சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ள சொல்லுங்கோ அம்மா.”

கிறிஸ்தோப்பர் அவளுடைய மனுசன். சண்டையின் கடைசி நாட்களில், தரப்பாள் கொட்டிலுக்குள் சின்னப்பிள்ளையாய் இருந்த டக்சாயினி தண்ணீர் கேட்டு அழ, மஞ்சள் கானைத் தூக்கிக்கொண்டு போனவர். “இப்ப வாறன்” என்றார். அதற்குப் பிறகு அவரை உயிரோடு கண்டவர்களும் இல்லை, செத்துக் கண்டவர்களும் இல்லை. இறந்தவர்களுக்காகக் கோயிலில் மன்றாடும்போது யூலிற்றா வாயை மூடிக்கொள்வாள். அந்த ஒரு சொல்லைத் தன் வாயால் கொடுத்தால் தானே அவரைக் கொன்றதாகிவிடும் என்று அவளுக்குப் பயம். கொடுக்காமல் விட்டால், உயிரோடிருக்கும் தகப்பன் மகளின் கலியாணத்துக்கு வரவில்லை என்றாகும்.

வெங்காயம் வதங்கி, இறைச்சி தண்ணீர் வற்றி, தக்காளி கரைந்ததும் கறுவாப்பட்டையைப் போட்டாள். மணம் எழுந்தது. கையிலிருந்த அகப்பை நின்றது.

சைப்பிரசில் இந்த மணம் அவளுக்கு ஊரைக் கொண்டுவரும். இங்கே அது, அங்கே அவள் வேலைக்கு நின்ற வீட்டைக் கொண்டுவந்தது. சாத்திய பச்சை யன்னல்கள், சக்கரக் கதிரையின் கிறீச்சென்ற சத்தம், சுவரில் மாட்டிய இளந்தாரியின் படம். முதுகுக்குப் பின்னால் ஆரோ கதிரையை உருட்டிக்கொண்டு வந்து நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். டக்சாயினிதான், வாசலில்.

அந்த வீட்டுக் கிழவியைக் ‘கிரியா’ என்று கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அம்மா என்கிற மரியாதையைப் போல. கிரியாவைக் குளிப்பாட்டித் தூக்கி இருத்திப் பார்ப்பதுதான் யூலிற்றாவின் வேலை. கிரியாவின் மகன் அந்திரீஸ், அந்த நாட்டில் நடந்த பழைய சண்டையில் காணாமல் போனவன். ஞாயிறு தவறாமல் கிரியா கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல யூலிற்றா பஸ்தீட்சியோ செய்வாள். வெந்து ஆறியதும் முதலாவதாக மூலைத்துண்டை வெட்டி, அந்திரீஸின் சாப்பாட்டுக் கோப்பையில் வைக்க வேண்டும். மூலையில்தான் இரண்டு பக்கமும் முறுகியிருக்கும். அவனுக்கு அதுதான் விருப்பமாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிரியாவின் மகள் யூலிற்றாவைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்: அம்மா கண்ணயர்ந்த பிறகு அந்தத் துண்டை நீ சாப்பிட்டுவிடு, கோப்பையைக் கழுவாமல் அப்படியே வை, அம்மா எழும்பிப் பார்த்துச் சந்தோசப்படட்டும். யூலிற்றா அப்படியே செய்துவந்தாள். காணாமல் போனவனின் பங்கைத் தின்னும்போது ஒவ்வொருமுறையும், ஊரில் தன் மனுசனுக்கு ஆர் சோறு வைக்கிறார்கள் என்று நினைப்பாள்.

ஒரு ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். கோப்பையை மேசையில் வைத்ததோடு போய்ப் படுத்துவிட்டாள். எழும்பி வந்தபோது கோப்பை வெறுமையாக இருந்தது. முள்ளுக்கரண்டி குறுக்கே கிடந்தது. அவள் ஒருநாளும் அப்படி வைப்பதில்லை. வாசல் உள்ளே பூட்டியபடி இருந்தது. கிரியா படுத்த இடத்தில் கண் விழித்துப் படுத்திருந்தார்.

“நீயா சாப்பிட்டாய்?” என்று கேட்டார்.

யூலிற்றாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எத்தனையோ வருசமாக இந்த வீட்டு வேலைக்காரிகள்தான் சாப்பிடுகிறார்கள். எனக்குத் தெரியும். இன்றைக்கு நீயா?”

“இல்லை, கிரியா.”

கிரியா சிலுவை போட்டுக்கொண்டார். அந்தக் கிழமையே தொலைபேசி வந்தது. ஒரு பாழ்கிணற்றில் எடுத்த எலும்புகளுக்குள் அந்திரீஸும் இருந்தான். சின்னப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். அடக்கம் முடிந்த ஞாயிறு, மூலைத்துண்டை வெட்டச்சொல்லிக் கிரியா தானே சாப்பிட்டார். பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து யூலிற்றாவுக்கு ஒரு நிச்சயம். அந்தச் சாப்பாடு செத்தவர்களுக்கு வழி தெரிந்த சாப்பாடு. செய்யாமல் இருக்கும்வரை கிறிஸ்தோப்பர் தண்ணீருக்குத்தான் போயிருக்கிறார்.

இன்றைக்கு வட்டத்தட்டு ஒன்று கிடைத்தால் மூலையே இல்லாமல் செய்துவிடலாம் என்று அயல் முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். கிடைத்தது நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் போடுகிற சதுரத் தட்டுத்தான். அவித்த மக்ரோனியை அடியில் அடுக்கி, மேலே இறைச்சியைப் பரப்பி, இன்னொரு அடுக்கு மக்ரோனி போட்டாள். பட்டரில் மாவை வறுத்துப் பால் ஊற்றிக் கிண்டி, சாதிக்காய் சுரண்டிப் போட்ட வெள்ளைக் கூழை எல்லாவற்றுக்கும் மேல் ஊற்றினாள். தட்டைச் சைக்கிள் கரியரில் கட்டி, சாயாமல் உருட்டிக்கொண்டு சந்திப் பேக்கரிக்குப் போனாள்.

நத்தார் நாட்களில் கரையோரச் சனத்தின் கேக்கெல்லாம் கனகலிங்கத்தாரின் போறணையில்தான் வேகும். பாண் எல்லாம் எடுத்து முடித்து, நெற்றியில் திருநீறோடு அவர் வாசலில் குந்தியிருந்தார்.

“என்ன பிள்ளை, நத்தாருக்கு இன்னும் கன நாள் கிடக்கே?”

“மருமகன் வீட்டுக்காரர் வருகினம் அண்ணை. சைப்பிரஸ் சாப்பாடு.”

“உள்ளுக்கு என்ன?”

“மாட்டிறைச்சி.” அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

கனகலிங்கத்தார் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “என்ர அப்பன் காலத்தில இருந்து உந்தப் போறணைக்குள்ள அது போகேல்லை. கிறிஸ்தோப்பற்ற மகளின்ர காரியம் எண்டபடியால் விடுறன். நான் தொடன். நீயே வை, நீயே எடு. நாளைக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சுக் கழுவுறன். உன்ர சம்பந்தி கேட்டா, புனிதப்பட்ட போறணை எண்டு சொல்லு.”

அவளே தள்ளி வைத்தாள். மேல்பக்கம் பொன்னிறமாகக் குமிழ் விட்டதும் அவளே எடுத்து, போறணைக்குப் பக்கத்து மர வாங்கில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடினாள். சூட்டோடு அசைத்தால் குலைந்துவிடும். கொஞ்சம் இறுகட்டும், அதற்குள் சுவாமியைக் கண்டு வருவோம் என்று எதிர்ப்பக்கம் கோயிலுக்கு நடந்தாள்.

சுவாமியின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் இருமுவது கேட்டது. யூலிற்றா படியில் கால் வைத்தாள். வாய்க்குள் அந்தச் சொல்லை வைத்துப் பார்த்தாள். காலஞ்சென்ற. சோற்றில் கல் கடித்ததுபோல் இருந்தது. காலை எடுத்துவிட்டாள். நின்று, முகப்பில் இருந்த சுருவத்தைப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்பி வந்து, துணியோடு தட்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

குசினி மேசையில் வைத்துத் துணியை எடுத்தாள்.

ஒரு மூலை இல்லை.

கிள்ளியோ சுரண்டியோ எடுத்ததில்லை. நேராக, அளவாக வெட்டி எடுத்திருந்தது. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக, குலையாமல் தெரிந்தன. அந்த இடத்தில் தட்டின் அடி துடைத்தது போலிருந்தது. முன்னறையில் டக்சாயினி மேசை விரிப்பை உதறுகிற சத்தம் கேட்டது. யூலிற்றா துணியைத் திரும்ப மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். இந்தமுறை ஏறி மிதித்தாள்.

கனகலிங்கத்தார் வாசலில் இருந்த இடத்திலேயே இருந்தார்.

“அண்ணை, நான் கோயிலடிக்குப் போன நேரம் ஆரும் வந்தவையோ?”

“ஒரு குருவி வரேல்லை. நான் வாசலை விட்டு எழும்பவும் இல்லை. ஏன் பிள்ளை?”

“ஒரு மூலைத்துண்டைக் காணேல்லை.”

அவள் சைக்கிளைச் சாத்தாமலே அவருக்கு முன்னால் நின்றாள். கனகலிங்கத்தார் அவளுடைய முகத்தை மெதுவாகப் பார்த்தார். பிறகு பார்வையை றோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

“ஓ, அதுவோ? அது நான்தான் பிள்ளை. மணம் பொறுக்கேல்லை. ஒரு துண்டு வெட்டித் திண்டுட்டன். மனிசிக்குச் சொல்லிப்போடாதை, வீட்டுக்குள்ள எடுக்கமாட்டாள்.”

அவருடைய நெற்றியில் திருநீறு கலையவில்லை. விரல்களில் பாண் மா காய்ந்துபோய் அப்படியே இருந்தது. எண்ணெயோ கறியோ படவில்லை. யூலிற்றா அதையெல்லாம் பார்த்தாள். அந்த ஞாயிறு கிரியா கேட்டபோது தானும் இப்படிச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஓம், நான்தான் என்று. அவளுக்கு அப்போது வரவில்லை.

“பரவாயில்லை அண்ணை,” என்றாள். “சாப்பிட்டது நல்லது.”

வீட்டுக்கு வந்தபோது டிலக்ஸனும் எமில்டாவும் வந்து இருந்தார்கள். எமில்டா கலகலப்பான மனிசி. வாசலிலேயே தொடங்கிவிட்டா.

“இவன் காலமை இருந்து பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை. மாமியின்ர வெளிநாட்டுச் சாப்பாடாம். என்ர கூழைக் குடிச்சு வளந்தவன் கதைக்கிற கதையைப் பாருங்கோவன்.”

“அம்மா, சும்மா இருங்கோ,” என்று டிலக்ஸன் கதிரையில் நெளிந்தான்.

டக்சாயினி தட்டைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்துத் துணியை எடுத்தாள். எமில்டா சிரித்தா. “பாத்தியளே, ஆரோ எங்களுக்கு முதலே ருசி பாத்திட்டினம்!”

டக்சாயினி குனிந்து பார்த்தாள். “அம்மா, மூலைத்துண்டு எங்க?”

கனகலிங்கத்தார் கொடுத்த பதில் யூலிற்றாவின் நாக்கில் ஆயத்தமாக இருந்தது. அதைச் சொன்னால் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பேக்கரிக்காரர் மாடு தின்னமாட்டார் என்று ஊருக்கே தெரியும். பிறகு வேறு காரணம் தேடுவார்கள், எலி என்பார்கள், பூனை என்பார்கள். யூலிற்றா கத்தியை எடுத்தாள்.

“அப்பா சாப்பிட்டிட்டார்,” என்றாள்.

டக்சாயினியின் முகத்தில் இருந்த சிரிப்பு போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. எமில்டா கையைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டா. கறுவா மணம் மட்டும் அறை முழுக்க நின்றது.

மிஞ்சியிருந்த மூலைகளை வெட்டி எமில்டாவுக்கும் டிலக்ஸனுக்கும் மகளுக்கும் வைத்தாள் யூலிற்றா. ஒவ்வொரு துண்டும் குலையாமல் வந்தது.

“தம்பி,” என்றாள், டிலக்ஸனைப் பாராமல். “ஆறமுதல் சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டு என்னை ஒருக்காக் கோயிலடியில கொண்டுபோய் விடுறியளே? சுவாமிக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும்.”